மூச்சுத்துளை அருகே ஒரு முள்மயிர்

அந்தப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. உலோகப் பச்சை மினுக்கமுள்ள ஓர் ஈ, இடப்பக்கம் தெரியும்படி உட்கார்ந்து, முன்கால்களைத் தேய்ப்பதற்காகச் சற்றே உயர்த்தியிருக்கிறது. தலைக்குப் பின்னால் மார்பின் முன்மூச்சுத்துளை வெண்மையாகத் தெரிகிறது. அந்தத் துளையை ஒட்டி ஒரு முள்மயிர் இருந்தால் அது கிரைசோமையா ரூஃபிஃபேசீஸ் என்ற இனம். இல்லாவிட்டால் அதை மிகவும் ஒத்த கிரைசோமையா அல்பிசெப்ஸ். நான் அல்பிசெப்ஸ் என்று பதிவு செய்தேன்.

“சார், முள்மயிர் இல்லை என்கிறீர்களா, தெரியவில்லை என்கிறீர்களா?” என்று உடன் பணிபுரியும் இளையவர் கேட்டார். “இல்லை” என்றேன்.

அது யோசிக்காமல் சொன்ன பதிலன்று. படத்தை இயன்றவரை பெரிதாக்கிப் பார்த்திருந்தேன். இறக்கைக்கு முன்னால், மார்பின் ஓரத்தில் இருக்கும் இரண்டு முள்மயிர்களும் நுனிவரை கூர்மையாகத் தெரிந்தன. அவை அவ்வளவு தெளிவாக இருக்கும்போது இது மட்டும் எப்படி மறையும் என்பதே என் வாதம். ஆனால் இந்த வாதத்தின் ஓட்டை எனக்கே தெரியும். இவ்வளவு நெருக்கத்தில் எடுக்கும் படத்தில் ஃபோகஸ் ஆகும் ஆழம் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாமல் போகலாம். மார்பின் ஓரம் அந்த ஆழத்துக்குள் இருந்ததால் மூச்சுத்துளையும் அதற்குள் இருந்தது என்று ஆகிவிடாது. மேலும், உயர்ந்திருந்த முன்காலின் தொடை அந்தத் துளையின் கீழ்விளிம்பை மறைத்திருந்தது.

ஈ கையில் இருந்திருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது. முள்மயிர் உதிர்ந்தாலும் அது முளைத்த வட்டக்குழி எஞ்சியிருக்கும். ஊசியில் குத்தி நுண்ணோக்கியின் கீழ் திருப்பிப் பார்த்தால், உதிர்ந்ததா, முளைக்கவே இல்லையா என்று சொல்லிவிடலாம். எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு படம்.

இனத்தைச் சொல்லாமல், கிரைசோமையா என்ற பேரினத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்று இளையவர் பிறகு கேட்டதற்கும் என்னிடம் பதில் இருந்தது. ஐயம் வரும்போதெல்லாம் பேரினத்தோடு நிறுத்தினால் பதிவுகளால் யாருக்கும் பயன் இருக்காது. நடுக்காலுக்கும் பின்காலுக்கும் இடையே, மார்பின் பக்கவாட்டில் முள்மயிர் வரிசை இருக்கிறதா என்று படத்திலேயே பார்த்து, வீட்டு ஈயின் குடும்பத்தைப் பச்சை ஈக்களின் குடும்பத்திலிருந்து பிரித்துக்கொண்டுதானே இருக்கிறோம்? அங்கு நம்பும் கண்ணை இங்கு மட்டும் ஏன் நம்பக்கூடாது? இதைச் சொன்னபோது சரியாகத்தான் பட்டது. ஆனால் அங்கே பல முள்மயிர்கள் சேர்ந்த ஒரு வரிசையைத் தேடுகிறோம்; ஒன்றிரண்டு மறைந்தாலும் மற்றவை காட்டிக்கொடுத்துவிடும். இங்கே ஒற்றை முள்மயிர் இல்லாததை வைத்து ஓர் இனத்துக்குப் பெயர் சூட்டினேன். அரிதாக அல்பிசெப்ஸிலும் அந்த முள்மயிர் காணப்படுவதுண்டு என்பதால், இருந்தாலுமே அடையாளம் முழுவதும் தீர்ந்துவிடாது. இதை அன்று நான் அவரிடம் சொல்லவில்லை.

படம் எடுத்த இடத்தை வைத்து முடிவு செய்திருக்கலாம் என்பாரும் உண்டு. ரூஃபிஃபேசீஸ் ஆசியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் உரியது; அல்பிசெப்ஸ் ஆப்பிரிக்காவுக்கும் தென் ஐரோப்பாவுக்கும் உரியது. ஆனால் இரண்டும் சேர்ந்து வாழும் பகுதிகள் உண்டு. இரண்டுமே பின்னர் அமெரிக்கக் கண்டத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன. இடத்தை வைத்துப் பெயரிடத் தொடங்கினால், புதிய இடத்துக்கு வந்து சேரும் இனத்தை நாம் ஒருபோதும் கண்டுபிடிக்க மாட்டோம். இதில் மட்டும் என் கருத்து மாறவில்லை.

சென்ற வாரம் இன்னொரு படம் வந்தது. இதில் மூச்சுத்துளை முழுவதும் தெரிந்தது. துளையருகே முள்மயிர் எதுவும் இல்லை. இந்தப் பக்கத்தில் மட்டும் உதிர்ந்திருக்கலாம் என்பதால், அல்பிசெப்ஸ் என்று எழுதும் முன், வலப்பக்கப் படம் இருக்கிறதா என்று அனுப்பியவரிடம் கேட்டோம். இல்லை என்றார்கள். நான் அல்பிசெப்ஸ் என்றே எழுதினேன். இளையவர் தன் குறிப்பேட்டில் கிரைசோமையா என்று மட்டும் எழுதிக்கொண்டார். பழைய பதிவைத் திருத்த அதன்பின் இரண்டு முறை திறந்தேன். எந்தப் பெயரை எழுதுவதென்று தெரியாமல் இரண்டு முறையும் மூடிவிட்டேன்.