கல்லில் இறங்கிய செம்பு

9 ஜூன் 2024, ஞாயிறு

காலையில் ஆறு நத்தைகளை உப்புநீர் மீன்தொட்டியில் விட்டேன். வாங்கிவந்த பையிலிருந்து அப்படியே கொட்டவில்லை. மெல்லிய குழாய் வழியே இரண்டு மணி நேரம் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து பழக்கிய பிறகே விட்டேன். மாலை ஆறு மணிக்குப் பார்த்தால் ஒன்றுகூடக் கண்ணாடியில் இல்லை. ஆறும் மணலில் மல்லாந்து கிடக்கின்றன. பயந்த நத்தை உள்ளே போய் மூடியை இறுகச் சாத்திக்கொள்ளும். இவை சாத்தவும் இல்லை, நகரவும் இல்லை. சதை வெளியே தொங்குகிறது. தொட்டால் சற்று நேரம் கழித்துத்தான் சுருங்குகிறது.

நீரைச் சோதித்தேன். அமோனியா இல்லை, நைட்ரைட் இல்லை, பிஎச் 8.1, அடர்த்தி 1.025, வெப்பநிலை 27 டிகிரி. எல்லாம் சரியாக இருக்கிறது. இரண்டு கோமாளி மீன்களும் இரவு உணவுக்கு வழக்கம்போல் மேலே வந்து நின்றன. ஏப்ரலில் இந்தத் தொட்டியை வாங்கியதிலிருந்து அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை.

10 ஜூன்

விடியற்காலையில் இரண்டு நத்தைகள் இறந்துவிட்டன. மற்ற நான்கையும் புதிதாகக் கலக்கிய உப்புநீர் வாளிக்கு மாற்றி, காற்றுக்கல் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். நாள் முழுவதும் மனம் அந்த வாளியிலேயே இருந்தது.

11 ஜூன்

நான்கில் மூன்று வாளியின் சுவரில் ஏறி நிற்கின்றன! ஒன்று பிழைக்கவில்லை. வாளியிலும் தொட்டியிலும் இருப்பது அதே ஆர்.ஓ. தண்ணீர், அதே உப்பு. அப்படியென்றால் கெடுதல் தொட்டிக்குள் இருக்கிறது.

முதலில் கொசுவிரட்டி திரவத்தின்மேல் சந்தேகம் போனது. சென்னையில் அது இல்லாத வீடு ஏது? ஆனால் அந்த வகை மருந்து மீனைத்தான் கடுமையாகத் தாக்கும். மீன் நன்றாக இருந்து நத்தை மட்டும் சாகிறது என்றால் வேறு ஏதோ ஒன்று. குழாய், வால்வு, மோட்டார் எல்லாவற்றையும் கழற்றி, பித்தளைத் துண்டு எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினேன். பித்தளையில் பெரும்பங்கு செம்பு. நத்தைக்கும் இறாலுக்கும் அது எமன். எதுவும் அகப்படவில்லை. இருந்தாலும் செம்பு என்ற எண்ணம் வந்த பிறகு அது என்னை விடவில்லை.

13 ஜூன்

தொட்டியை எனக்கு விற்றவரைத் தொலைபேசியில் அழைத்தேன். மறைக்காமல் சொன்னார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய மீன்களுக்கு வெண்புள்ளி நோய் வந்திருக்கிறது. கல், மணல் எதையும் வெளியே எடுக்காமல் அதே தொட்டியிலேயே ஒரு மாதம் செம்பு மருந்து ஊற்றியிருக்கிறார். பிறகு பலமுறை தண்ணீர் மாற்றியதால் எல்லாம் போய்விட்டது என்றே நம்பினார். அவரிடம் மீன்கள் மட்டுமே இருந்தன. எனவே நம்பிக்கை பொய்க்கவில்லை.

அவர் சொன்ன இன்னொரு விஷயத்தில்தான் நான் நின்றுவிட்டேன். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்கும்படி மருந்து ஊற்றினால், மறுநாள் சோதனையில் குறைந்திருக்குமாம். மீண்டும் ஊற்றுவாராம், மீண்டும் குறையுமாம். “தினமும் ஈடுகட்டிக்கொண்டே இருந்தேன் சார்” என்றார்.

குறைந்தது எங்கே போயிருக்கும்? தொட்டியில் இருப்பவை சுண்ணாம்புக் கற்கள், அடியில் நொறுங்கிய சிப்பி மணல். இரண்டும் கால்சியம் கார்பனேட். நீரில் உள்ள செம்பு கார்பனேட்டாகி அவற்றின் மேலும் துளைகளுக்குள்ளும் படிந்துவிடும். அவர் ஈடுகட்டிய ஒவ்வொரு துளியும் கல்லுக்குத்தான் போயிருக்கிறது. கல்லின் துளைகளில் கழிவு அழுகி அமிலத்தன்மை கூடும்போதெல்லாம் அது சிறுகச் சிறுக நீருக்குத் திரும்புகிறது.

15 ஜூன், சனி

செம்புச் சோதனைக் குப்பி வாங்கிவந்தேன். தொட்டி நீரில் நிறமே இல்லை, பூஜ்யம். ஆனால் என் வண்ண அட்டையின் முதல் படியே லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். திறந்த கடலில் செம்பு லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவு, அதாவது அந்த முதல் படியில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. இடைப்பட்ட தூரம் முழுவதும் இந்தக் குப்பிக்குத் தெரியாது. நத்தைக்குத் தெரியும்.

அதனால் கல்லையே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். ஒரு கல்லிலிருந்து சுண்டுவிரல் நகம் அளவு சில்லு உடைத்து வினிகரில் போட்டேன். பக்கத்துக் கிண்ணத்தில் அதே வினிகர், அதில் ஒரு முட்டையோட்டுத் துண்டு. அதுவும் கால்சியம் கார்பனேட்தான், ஆனால் செம்பு மருந்தைக் கண்டதில்லை. இரண்டும் நுரைத்தன. ஒரு மணி நேரம் கழித்துச் சமையல் சோடாவால் புளிப்பை முறித்து, இரண்டிலும் சோதனைத் துளிகளை விட்டேன். முட்டையோடு இருந்த கிண்ணம் தெளிவாக இருந்தது. கல் இருந்த கிண்ணத்தில் நிறம் ஏறியது. அட்டையின் கடைசிப் படியையும் தாண்டி ஏறியது.

அந்தக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நத்தைக்கும் இறாலுக்கும் நம்மைப்போல் இரும்பு இரத்தம் கிடையாது. அவற்றின் இரத்தத்தில் உயிர்வளியைச் சுமப்பது ஹீமோசயனின், அதன் மையத்தில் இருப்பது செம்பு. காற்றுப்பட்டால் அந்த இரத்தம் நீலமாகும். தன் இரத்தத்துக்கு ஒரு சிட்டிகை செம்பு வேண்டும் என்று வாழும் உயிரை, நீரில் கரைந்த செம்பு செவுள் வழியே புகுந்து கொல்கிறது.

16 ஜூன்

அந்தப் பழைய மருத்துவத்தைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை. வெண்புள்ளிக்குச் செம்பு நல்ல மருந்து. அந்த நோயைத் தரும் ஒட்டுண்ணி மீன்மேல் புதைந்திருக்கும்போதும் அடியில் கூடுகட்டிக் கிடக்கும்போதும் மருந்து அதைத் தொடாது. கூடு வெடித்துக் குஞ்சுகள் நீரில் மீனைத் தேடி அலையும் ஒன்றிரண்டு நாட்களில்தான் கொல்லும். அதனால்தான் ஒரு மாதம் விடாமல் கொடுக்க வேண்டியிருக்கிறது. தவறியது மருந்து அல்ல, இடம். கல்லும் மணலும் இல்லாத வெறும் தொட்டியில் கொடுத்திருக்க வேண்டிய மருந்து அது.

22 ஜூன், சனி

கொளத்தூர் போனேன். பல ஆண்டுகளாக உப்புநீர் மீன் விற்கும் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். “தம்பி, கண்ணாடியை வைத்துக்கொள்ளுங்கள், கல்லையும் மணலையும் விட்டுவிடுங்கள்” என்றார். பதினைந்து கிலோ கல். ஊதா நிறப் பாசி படர ஆரம்பித்திருந்தது. எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் அவர் சொல்வது சரி. சுட்ட பீங்கான் கற்களும், நீரிலுள்ள செம்பை உறிஞ்சி நீலமாகும் குப்ரிசார்ப் ரெசினும் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

23 ஜூன், ஞாயிறு

மீன்களை நாற்பது லிட்டர் தொட்டிக்குப் பழைய பஞ்சு வடிகட்டியோடு மாற்றினேன். மீன் கழிவின் அமோனியாவை மாற்றிவிடும் நுண்ணுயிர்கள் அந்தப் பஞ்சில் உள்ளன, அவை இப்போது மீன்களுக்குத் தேவை. கற்களை அகற்றியதும் பெரிய தொட்டியின் நுண்ணுயிர்களில் பெரும்பகுதி போய்விட்டது, அங்கே எல்லாவற்றையும் முதலிலிருந்து வளர்க்க வேண்டும். மணலைக் கடைசிப் பிடிவரை வழித்தெடுத்தேன். கண்ணாடியையும் சிலிக்கான் ஓரங்களையும் நீர்த்த வினிகரால் துடைத்து, மூன்று முறை அலசி, புது உப்புநீர் நிரப்பி, ரெசின் பொட்டலத்தை நீரோட்டத்தில் தொங்கவிட்டேன்.

மீன் மட்டும் வளர்க்கும் ஒரு நண்பர் கற்களை எடுத்துக்கொள்கிறேன் என்றார். எல்லாவற்றையும் சொல்லித்தான் கொடுத்தேன். பெட்டியின் நான்கு பக்கமும் “செம்பு ஏறிய கல், இறால் நத்தைக்கு ஆகாது” என்று தடித்த பேனாவால் எழுதினேன். அவரிடமிருந்து இன்னொருவருக்குப் போனாலும் எழுத்து கூடவே போகும்.

ஒரே ஒரு கல்லை நான் வைத்துக்கொண்டேன். தனி வாளி, உப்புநீர், ஒரு பொட்டலம் ரெசின்.

7 ஜூலை

பெரிய தொட்டியில் இரண்டு வாரமாகத் தொங்கும் ரெசின் நிறம் மாறவே இல்லை. வாளியில் உள்ளது கருநீலமாகிவிட்டது. பொட்டலத்தை மாற்றினேன்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

பீங்கான் கற்களில் நுண்ணுயிர்கள் பிடித்துக்கொண்டன. பத்து நாட்களாக அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். பிழைத்த மூன்றில் ஒரு நத்தையை மட்டும் வெள்ளிக்கிழமை இரவு விட்டேன். தூக்கம் பிடிக்காமல் டார்ச்சோடு மூன்று முறை எழுந்து பார்த்தேன். மூன்று முறையும் வேறு வேறு இடத்தில் இருந்தது. இன்று காலை முன்பக்கக் கண்ணாடியின் பழுப்புப் பாசியில் ஒரு முழ நீளத்துக்கு வளைந்து வளைந்து சுத்தமான கோடு, அதன் முனையில் மேய்ந்துகொண்டிருக்கிறது. மற்ற இரண்டையும் மதியம் விட்டேன்.

வாளியில் உள்ள கல்லுக்கு இன்று நான்காவது பொட்டலம். மூன்றாவதும் நீலமாகத்தான் வெளியே வந்தது.