மடல்கள் வந்தன, முகவரிகள் வரவில்லை

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் பழைய கணினி, மின்வெட்டுக் காலம் முழுவதும் தாக்குப்பிடித்துவிட்டு, மின்சாரம் ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகு படுத்துவிட்டது. யாழ் நகரக் கடையொன்றில் புதியது வாங்கினோம். பழைய வன்தட்டில் இருந்தவற்றை எல்லாம் மாற்றிவிட்டதாகச் சொல்லி, அந்த வன்தட்டையும் ஒரு கடித உறையில் போட்டுத் தந்தார்கள். மின்னஞ்சல் மென்பொருளான தண்டர்பேர்டைத் திறந்தால் மடல்கள் அத்தனையும் இருந்தன. முகவரிப் புத்தகத்தில் ஒரு பெயர்கூட இல்லை. ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், ஒஸ்லோ என்று சிதறியிருக்கும் ஊரவர்களுக்கு ஆண்டுப் பொதுக்கூட்ட அழைப்பு போக வேண்டிய நேரம் அது.

கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். "மடல் வந்துவிட்டதல்லவா அண்ணா, முகவரிகளும் மெல்ல மெல்லத் தானாக வரும்" என்றார் ஒரு தம்பி. வராது. ஐமேப் கணக்கில் மடல்கள் சேவையகத்தில் இருப்பவை. கடவுச்சொல்லைக் கொடுத்தால் எந்தக் கணினிக்கும் இறங்கிவரும். நாங்கள் வைத்திருந்த முகவரிப் புத்தகமோ அந்த ஒரு கணினியின் வன்தட்டில் மட்டும் இருந்தது. கார்ட்டாவ் என்ற முகவரி ஒத்திசைவு முறை வழியாக இணையத்தோடு இணைத்திருந்தால் கதை வேறு. அதை யாரும் செய்திருக்கவில்லை.

கடைக்காரர் டெஸ்க்டாப்பையும் டாக்குமெண்ட்ஸ் கோப்புறையையும் படங்களையும் பிரதி எடுத்திருந்தார். தண்டர்பேர்டின் சொத்து அங்கே இல்லை. விண்டோஸ் வழமையாக மறைத்து வைக்கும் ஆப்டேட்டா என்ற கோப்புறைக்குள் ரோமிங், அதற்குள் தண்டர்பேர்ட், அதற்குள் புரொஃபைல்ஸ் என்று இறங்க வேண்டும். பழைய வன்தட்டை ஒரு யூஎஸ்பி பெட்டியில் மாட்டி, மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னதும் எல்லாம் கிடைத்தன. ஏபுக் என்று தொடங்கி எஸ்கியூலைட் என்று முடியும் கோப்புகள் வரிசையாக இருந்தன. கூடவே மாப் என்று முடியும் பழைய வடிவத்தின் காப்புப் பிரதி ஒன்றும் இருந்தது. 2020இல் வந்த 78ஆம் பதிப்பில்தான் தண்டர்பேர்ட் மோர்க் என்ற பழைய வடிவத்தைக் கைவிட்டு எஸ்கியூலைட்டுக்கு மாறியது. பழையதை அழிக்காமல் விட்டுவைத்த புண்ணியவான்களுக்கு நன்றி.

அடுத்த சிக்கல், எந்தக் கோப்பு எந்தப் பட்டியல் என்பது. நாங்கள் நாடுவாரியாகத் தனித்தனிப் புத்தகங்கள் வைத்திருந்தோம்; கோப்புகளோ ஏபுக்-1, ஏபுக்-2 என்றுதான் இருந்தன. எந்தப் பெயருக்கு எந்தக் கோப்பு என்ற விவரம் அதே கோப்புறையிலுள்ள பிரெஃப்ஸ் என்ற அமைப்புக் கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது. கோப்பைப் பிரதி எடுத்துப் புதிய கோப்புறைக்குள் போட்டால் மட்டும் புத்தகம் திரையில் தோன்றாததற்கும் அதுவே காரணம்: பிரெஃப்ஸில் பதிவில்லாத கோப்பைத் தண்டர்பேர்ட் ஏறெடுத்தும் பார்க்காது. பழைய பிரெஃப்ஸை நோட்பேடில் திறந்து எது எதுவெனக் குறித்துக்கொண்டேன். புதிய கணினியில் அதே பெயர்களில் வெற்றுப் புத்தகங்களை உருவாக்கி, தண்டர்பேர்டை மூடிவிட்டு, அவற்றின் கோப்புகள் இருந்த இடத்தில் பழையவற்றை வைத்தேன். மூடுவது முக்கியம். திறந்திருக்கும்போது கடைசியாகச் செய்த மாற்றங்கள் டபிள்யூஏஎல் என்று முடியும் துணைக்கோப்பில் இருக்கக்கூடும். கணினி திடீரென்று நின்றிருந்தால் அந்தத் துணைக்கோப்பையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

பெயர்கள் திரும்பின. உண்மையான வேலை அதன் பிறகுதான் தொடங்கியது.

ரொறன்ரோப் பட்டியலில் பாதிப் பெயர்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக இருந்தன. யாழ்ப்பாணத்தில் தட்டச்சுப் பழகியவர்களுக்கு இதைப் பார்த்தவுடன் விளங்கிவிடும்: பாமினி. அந்த எழுத்துருவில் எஃப் விசையைத் தட்டினால் திரையில் 'க' தெரியும், ஆனால் கணினிக்குள் இருப்பது எஃப்தான். வேர்டில் பாமினி எழுத்துருவை இட்டுப் பார்க்கும்வரை எல்லாம் தமிழ். முகவரிப் புத்தகத்துக்குப் போனதும் வேடம் கலைந்துவிடும். மொத்தமாக ஒரே பட்டியலுக்கு மடல் அனுப்பிவந்ததால் பெயர்களை யாரும் உற்றுப் பார்த்ததில்லை.

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருந்தது. கனடாவிலுள்ள ஓர் இளையதம்பி ஐயா தமக்கு அழைப்பே வருவதில்லை என்று குறைபட்டுக்கொண்டிருந்தார். சந்தா விடயத்தில் நிர்வாகத்தோடு முரண்பட்டவர் என்பதால், வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள் என்று அவரும் நினைத்தார், ஊரும் நினைத்தது. பழைய நிர்வாகம் பட்டியலைக் காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி கோப்பாக நோட்பேடில் தட்டி இறக்குமதி செய்திருக்கிறது. பாமினியில் 'இ' என்பது காற்புள்ளி விசை! இளையதம்பி, இராசையா, இரத்தினம், 'இ.' என்ற தலைப்பெழுத்துக்காரர்கள் எல்லோருடைய பெயர்களும் முதல் எழுத்திலேயே உடைந்துவிட்டன. பெயர்க் கட்டம் வெறுமை, மின்னஞ்சல் கட்டத்தில் பெயரின் மிச்சம், உண்மையான முகவரி அடுத்த கட்டத்துக்குத் தள்ளுண்டு கிடந்தது. முகவரி இல்லாதவருக்கு மடல் போகாது. போகாத மடல் திரும்பியும் வராது. ஒரு காற்புள்ளி செய்த வேலைக்கு நிர்வாகத்தினர் வாங்கிய பேச்சு கொஞ்சமல்ல.

பாமினியை, எழுத்துரு மாறினாலும் தமிழாகவே நிற்கும் யுனிக்கோடாக்கும் மாற்றிகள் இணையத்தில் கிடைக்கின்றன. பெயர்க் கட்டத்தை மட்டும் தனியே எடுத்து மாற்ற வேண்டும். முழுக் கோப்பையும் கொடுத்தால் மின்னஞ்சல் முகவரிகளும் தமிழாகிவிடும். மாற்றிய கோப்பைப் பொருளாளர் எக்செலில் திறந்தார். தமிழ் மறுபடியும் போனது, இம்முறை தலையில் கோடு போட்ட லத்தீன் எழுத்துகளாக. யுனிக்கோடைக் கோப்பில் எழுதும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறி 3 பைட்டுகள். கோப்பின் குறியாக்கத்தை அறியாத எக்செல் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக வாசித்துவிடுகிறது. தொலைபேசி எண்களின் முன்னாலிருந்த பூச்சியத்தையும் விழுங்கிவிட்டது. 021 வெறும் 21 ஆனது. லிப்ரே ஆபிஸ் கால்க் திறக்கும்போதே குறியாக்கத்தைக் கேட்கும், எண் நிரலை 'உரை' என்று குறிக்கவும் விடும். இந்த வேலைக்கு எக்செல் வேண்டாம் என்பதே என் முடிவு.

'சேகரிக்கப்பட்ட முகவரிகள்' என்ற புத்தகத்தையும் ஒருமுறை துப்புரவாக்கினேன். நாம் மடல் அனுப்பும் புதிய முகவரிகளைத் தண்டர்பேர்ட் தானாகவே அதில் சேர்த்துவைக்கும். யாரோ எப்போதோ பிழையாகத் தட்டிய முகவரியும் அங்கே குடியிருந்து, பெயரின் முதல் எழுத்துகளைத் தட்டியதும் முன்னால் வந்து நிற்கும். மடல்கள் திரும்பி வந்ததில் பெரும்பங்கு அதனால்தான். தானாகச் சேர்க்கும் அமைப்பை நிறுத்திவிட்டேன்.

இப்போது காப்புப் பிரதியாக முழுப் புரொஃபைல் கோப்புறையும் ஒரு பென்டிரைவில் இருக்கிறது. தனிப் பட்டியல்களை எல்டிஃப் வடிவில் எடுக்கிறோம். சிஎஸ்வியில் பெயர்கள் போகும், குழுக்கள் போகாது. இனிப் பெயர்கள் யுனிக்கோடில் மட்டுமே என்று நிர்வாகக் கூட்டத்தில் முடிவானது. இத்தனை வருடம் பழகிய விரல்களை இனி மாற்ற முடியாது என்று பொருளாளர் மறுத்தார். ஈ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பாமினி விசைப்பலகை இருக்கிறது, விரல்கள் போகும் இடம் அப்படியே இருக்க யுனிக்கோட் எழுத்து விழும் என்று காட்டியதும் சம்மதித்துவிட்டார்.