கடைசியாகப் பார்த்த நாள்

பிப்ரவரி 8

என் நோட்டில் எல்லாப் பறவைக்கும் முதல் தேதி இருக்கிறது. புரட்டாசியில் முதல் வாலாட்டி, மார்கழியில் முதல் வரித்தலை வாத்து என்று எட்டு வருடமாக எழுதி வருகிறேன். போன தேதி மட்டும் எதற்கும் இல்லை. வருகிற பறவை தானாகவே கண்ணில் பட்டுவிடும். போவது அப்படியில்லை. 'இதைப் பார்த்து நாளாச்சே' என்று ஒருநாள் தோன்றும்போது அது போய் இரண்டு வாரம் ஆகியிருக்கும்.

வடக்கே பனி உருகும் நாடுகளில் வசந்தம் என்றால் பறவைகள் வந்து சேரும் காலம். அதே பறவைகள் நம் பக்கத்திலிருந்து கிளம்பிப் போகிற காலமும் அதுதான். மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் இங்கே வழியனுப்புதான். அதை ஒரு வருடமாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று ஆசை. நாங்குநேரிப் பக்கத்தில் நான் வழக்கமாகப் போகும் குளத்தில், தினமும் விடியற்காலை மடையிலிருந்து, மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் மறுகால் வரை நடப்பது. கண்டதை எழுதுவதோடு, காணாததற்கு எதிரே 'இல்லை' என்றும் எழுதுவது.

இன்று வரித்தலை வாத்து 43. நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் எண்ண முடியாத அளவு. தண்ணீர் இன்னும் பாதிக் குளம் கிடக்கிறது.

பிப்ரவரி 16

முதல் குயில் சத்தம். வசந்தத்தின் வரவு என்று இதைத்தான் எல்லாரும் சொல்வோம். ஆனால் குயில் எங்கேயும் போய்விட்டு வரவில்லை. ஐப்பசி மழையிலும் இதே ஆலமரத்தில்தான் வாயைத் திறக்காமல் பழம் தின்றுகொண்டிருந்தது. காக்கை கூடு கட்டும் காலம் நெருங்குவதால் இப்போது தொண்டை திறந்திருக்கிறது. கூவுவது கருப்பாக இருக்கும் ஆண். உடம்பெல்லாம் புள்ளி போட்ட பெண், 'கிக் கிக் கிக்' என்று வேகமாகக் கத்திக்கொண்டு கிளை மாறுவதோடு சரி. முட்டையிடப் போவது அதுதான், காக்கையின் கூட்டில்.

பிப்ரவரி 27

நேற்று மாலை வரை வரித்தலை வாத்துகள் 38. இன்று காலை 11.

இரவில் கிளம்பியிருக்கின்றன. மறுகாலுக்கு அருகே அவை மேய்ந்த புல்லில் ஈரமான எச்சம் மட்டும் கிடந்தது. இனி தீபகற்பம் முழுவதையும் கடந்து, அதற்கப்புறம் இமயமலையையும் தாண்டி, திபெத் மேட்டு நிலத்து ஏரிகளுக்கோ மங்கோலியாவுக்கோ போக வேண்டும். இந்த வாத்துகளின் முதுகில் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தவர்கள், 7,000 மீட்டருக்கும் மேலே பறந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த உயரத்தில் காற்றே மெலிந்துவிடும். இவற்றின் ரத்தம் மற்ற வாத்துகளின் ரத்தத்தைவிட இறுக்கமாக ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொள்ளும். மலையைப் பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும்தான் கடக்கின்றன. அப்போது காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருப்பதால் சிறகுக்குப் பிடிமானம் கூடும்.

நேற்று மாலை இன்னும் ஒரு மணி நேரம் கரையில் உட்கார்ந்திருக்கலாம். இருட்டியதும் எழுந்து வந்துவிட்டேன். அது மனதை உறுத்துகிறது.

மார்ச் 3

வரித்தலை வாத்து: இல்லை.

மார்ச் 6

பிசான நெல் அறுவடை முடிந்த வயல்களில் மஞ்சள் வாலாட்டிகள். கார்த்திகையில் இவற்றைப் பார்த்தால் பழுப்பும் அழுக்கு மஞ்சளுமாக இருக்கும். இப்போது ஒவ்வொன்றாக நிறம் ஏறுகிறது. ஆண்களுக்குத் தொண்டையிலிருந்து வால் வரை கொன்றைப்பூ மஞ்சள். ஒன்றுக்குத் தலை பாதி கருத்து, பாதி பழையபடியே இருந்தது. உடம்பில் இருக்கிற இறகை உதிர்த்துவிட்டுப் புதிது போடும் வேலையை, கிளம்புவதற்கு முன்னால் இங்கேயே செய்கின்றன. நம் வயல் பூச்சியைத் தின்றுதான் அந்த மஞ்சள் வருகிறது. நினைக்கவே சந்தோஷமாக இருக்கிறது.

குளத்துச் சேற்றில் பொன்னிற உப்புக்கொத்திகள் ஒன்பது. இரண்டின் வயிற்றில் திட்டுத் திட்டாகக் கருப்பு. சைபீரியாவின் மரமில்லாத வடகோடிக்குப் போய்ச் சேரும்போது முகம் முதல் வயிறு வரை முழுக் கருப்பாகிவிடும். கருவால் மூக்கன்களின் கழுத்தும் செங்கல் நிறத்துக்கு மாறுகிறது.

மார்ச் 9

மேகமூட்டம். புதிதாக எதுவும் இல்லை. கால் வலி.

மார்ச் 15

சாயங்காலம் சூறைக்குருவிகள். மேற்கே காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து, குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களில் அடைவதற்கு முன்னால் வானத்தில் சுற்றின. மூவாயிரமாவது இருக்கும். ஒரு வல்லூறு உள்ளே புகுந்ததும் கூட்டம் சட்டென்று இறுகிக் கருத்து, அது விலகியதும் மறுபடி தளர்ந்தது. தலைக்கு மேலே போகும்போது அத்தனை சிறகும் சேர்ந்து மழை வருகிற மாதிரி இரைந்தது. மரத்தில் இறங்கிய பிறகு முக்கால் மணி நேரம் இரைச்சல் ஓயவில்லை.

ஆவணியில் முதலில் வந்து சேர்ந்த விருந்தாளிகளில் இவையும் உண்டு. அப்போது குஞ்சுகளெல்லாம் மங்கிய தவிட்டு நிறம். இப்போது பெரியவை ரோசாவும் கருப்புமாக மின்னுகின்றன. மத்திய ஆசியாவின் வறண்ட புல்வெளிகளில் வெட்டுக்கிளி பெருகும் இடமாகப் பார்த்துக் கூடு வைக்கும் பறவை இது.

மார்ச் 23

கூந்தன்குளம் போய்வந்தேன். என் குளத்தில் எல்லாம் கிளம்பிக்கொண்டிருக்க, இங்கே நேர்மாறு. சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் மார்கழி, தை வாக்கில் வந்து, குளத்து மரங்களில் மட்டுமல்லாமல் ஊருக்குள் வீட்டு வேம்புகளிலும் கூடு வைத்திருக்கின்றன. குஞ்சுகளின் சத்தம் தெரு முழுக்கக் கேட்கிறது. வளர்ந்த நாரைக்குக் குரல் இல்லை என்றே சொல்லலாம், பெரும்பாலும் அலகைத்தான் தட்டும். கத்துவதெல்லாம் குஞ்சுகள்.

உச்சி வெயிலில் ஒரு தாயோ தகப்பனோ, சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு மேலே பந்தல் போட்டமாதிரி நின்றது. துணைப்பறவை வந்து வாயில் கொண்டுவந்த தண்ணீரைக் குஞ்சுகள் மேல் ஊற்றியது. இருபது நிமிடம் அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். 1994-இல் சரணாலயமாக அறிவிப்பதற்கு எவ்வளவோ முன்பிருந்தே இந்த ஊர்க்காரர்கள் பறவைகளைக் காத்து வருகிறார்கள். பறவைக்காகத் தீபாவளிக்கும் வெடி போடுவதில்லை. இவ்வளவு நெருக்கத்தில் இத்தனை எச்சத்தையும் வாடையையும் பொறுத்துக்கொண்டு வாழ்வது சாதாரணக் காரியமில்லை. அந்த ஊரை வணங்கத் தோன்றுகிறது.

ஏப்ரல் 2

மாலை சரியாக ஆறேகாலுக்கு ஆறுமணிக்குருவி இரண்டு முறை கூப்பிட்டது. தோப்புக்குள் போய்ப் பார்த்தால், சருகைக் கிளறிக்கொண்டு தத்தித் தத்திப் போகிறது. குட்டை வால், வயிற்றடியில் சிவப்பு, சிறகில் நீலம். இது வெளிநாட்டுப் பறவையே இல்லை. மத்திய இந்தியாவுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் போய், தென்மேற்குப் பருவமழையில் கூடு வைக்கும்.

மின்கம்பியில் தகைவிலான்கள் நெருக்கியடித்து 60-க்கு மேல்.

ஏப்ரல் 7

குளத்தின் தண்ணீர் மடையருகே ஒரு குட்டையாகச் சுருங்கிவிட்டது. வெடித்த தரையில் நடந்தபோது ஆக்காட்டி இரண்டும் தலைக்கு மேல் வந்து கத்தத் தொடங்கின. ஒன்று தரையில் இறங்கிச் சிறகை இழுத்து இழுத்து, அடிபட்ட மாதிரி ஓடியது. அப்படியென்றால் பக்கத்தில் முட்டை இருக்கிறது. அசையாமல் நின்று காலடியைச் சுற்றிப் பார்த்தும் தெரியவில்லை.

ஆடு மேய்க்கும் அண்ணாச்சி கரையிலிருந்தே சத்தம் போட்டார்: "தம்பி, அப்படியே பின்னாடி வாங்க. காலை வச்சிராதீங்க. உங்களுக்கு முன்னால அந்தச் சாணிக்கிட்ட பாருங்க, நாலு கெடக்கு."

மண் நிறத்தில் கருப்புத் தீற்றல், கூர்முனை நான்கும் உள்பக்கம் பார்த்தபடி. கூடு என்று எதுவும் கிடையாது, சின்னக் குழியும் சுற்றிலும் நாலைந்து கல்லும்தான்.

"ஆடு மிதிக்காதா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"நாலு நாளா இந்தப் பக்கம் பத்துறதே இல்லல்லா. மேச்சலுக்கு எடமா இல்ல?"

கரைக்கு வந்து பைனாகுலரில் பார்த்தேன். பறவை குட்டையில் இறங்கி வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்கார்ந்தது. இந்த மாதிரி வெயிலில் முட்டைக்குச் சூடு கொடுப்பதைவிட, சூட்டைத் தணிப்பதுதான் பெரிய வேலை. ஒரு மணி நேரத்தில் மூன்று முறை போய் நனைந்து வந்தது.

ஏப்ரல் 13

பொன்னிற உப்புக்கொத்தி நான்கு நாளாக 'இல்லை'. அப்படியானால் அதன் கடைசி நாள் ஏப்ரல் 9. அன்று பார்க்கும்போது அது கடைசி என்று தெரியாது. கரையில் நின்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்திருக்கிறேன். இந்தக் கணக்கின் கஷ்டமே இதுதான். கடைசி நாள் நடக்கும்போது மற்ற நாள் மாதிரியேதான் இருக்கும். நாலைந்து 'இல்லை' சேர்ந்த பிறகுதான் திரும்பிப் போய் அந்தத் தேதிக்கு அடியில் கோடு போட முடிகிறது. அதனால் இப்போதெல்லாம் ஒவ்வொரு பறவையையும் கொஞ்சம் கூடுதலாக நின்று பார்க்கிறேன்.

மொட்டைப் பனைக்கு மேலே பனங்காடைகள் விளையாட்டு. ஒன்று நேரே உயரப் போய், புரண்டு புரண்டு நீலத்தைக் காட்டிக்கொண்டு விழுந்தது. பனம்பொந்தில் குடித்தனம் தொடங்கப் போகின்றன.

ஏப்ரல் 19

தகைவிலான் இல்லை. கம்பி வெறுமையாக இருக்கிறது. சூறைக்குருவி 12-ஆம் தேதிக்குப் பின் இல்லை. ஆறுமணிக்குருவி 14-ஆம் தேதிக்குப் பின் இல்லை.

ஏப்ரல் 26

மிச்சம் ஒன்றே ஒன்று. மடைப்பக்க வேலிப்புதரில் 'டக்… டக்' என்று நாக்கைத் தட்டுகிற மாதிரி சொல்லிக்கொண்டிருக்கும் பிளித் கதிர்க்குருவி. புரட்டாசியிலிருந்து இதே வேலிதான் அதன் வீடு. வெறும் பழுப்பு, பத்துப் பன்னிரண்டு கிராம் எடை இருக்கும். படம் எடுக்க வருகிற யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரை எங்கோ ஒரு புதருக்கு அது போக வேண்டும்.

இன்று 'டக்' என்பதோடு நிறுத்தவில்லை. புதருக்குள் இருந்தபடியே மெதுவாக, தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிற மாதிரி பாடியது. ஒரு துண்டை எடுத்து, நாலைந்து தடவை திருப்பிப் பாடி, அடுத்ததற்குப் போனது. ஏழு மாதத்தில் இதை நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 28

வேலியில் பாட்டு. எட்டு நிமிடம்.

ஏப்ரல் 29

இல்லை.

மே 4

ஆறு நாளாக வேலியில் சத்தம் இல்லை. ஏப்ரல் 28 என்று எழுதிக் கோடு போட்டேன்.

திரும்பும்போது அண்ணாச்சி கையைக் காட்டினார். ஆக்காட்டிக் குஞ்சு மூன்று, குட்டைக்கருகே ஓடிக்கொண்டிருந்தன. நாலாவது முட்டை குழியிலேயே கிடந்தது. தாய் குரல் கொடுத்ததும் மூன்றும் அப்படியே தரையோடு படுத்தன. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தும், எந்த இடம் என்று எனக்குத் தெரியவில்லை.