கால் எடுத்துக்கொடுக்கும் பாட்டு

போன தை மாசம் என் தையல் மெஷினுக்கு மோட்டார் வைத்தேன். இருபத்திரண்டு வருஷம் மிதித்த முழங்கால், இனிமேல் முடியாது என்று சொல்லிவிட்டது. வேலை என்னவோ வேகமாகத்தான் போகிறது. நாலு பிளவுஸ் முடிகிற நேரத்தில் இப்போது ஆறு முடிகிறது. ஆனால் ஒரு வாரம் எதையோ தொலைத்த மாதிரியே இருந்தது. கத்தரிக்கோல், இஞ்ச் டேப், பாபின் எல்லாம் இருக்கிற இடத்தில்தான் இருந்தன. மாறியிருந்தது தலைக்குள் ஓடுகிற பாட்டு.

எனக்கு எந்நேரமும் உள்ளே ஒரு பாட்டு ஓடும். வாய்விட்டுப் பாட மாட்டேன், குரல் அப்படி. பெரியப்பா செத்த வீட்டில், எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தபோது, எனக்குள் 'ஆசை நூறு வகை' ஓடியது. மலேசியா வாசுதேவன் குரலில், முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். துக்கம் தாங்கவில்லை போல என்று அத்தை முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

மெஷினில் உட்கார்ந்தால் பாட்டை எடுத்துக்கொடுப்பது கால்தான். இது மோட்டார் வந்த பிறகுதான் எனக்கே புரிந்தது. மிதிக்கிற காலத்தில், பாவாடைக்கு ஓரம் அடிக்கும்போது நீளமாக ஒரே சீராகக் கால் போகும். உடனே 'ராக்கம்மா கையத் தட்டு' வந்துவிடும். 1991 தீபாவளிக்கு 'தளபதி' வந்தபோது தெருவெல்லாம் இந்தப் பாட்டுதான். கழுத்து வளைவு வந்தால் கால் தயங்கும், உள்ளே எஸ்.பி.பி.யும் தயங்குவார். நூல் அறுந்தால் பாட்டும் அந்த இடத்திலேயே நிற்கும். கோர்த்துவிட்டு மிதித்தால் விட்ட எழுத்திலிருந்து தொடரும்.

மோட்டாருக்குத் தாளம் கிடையாது. 'ங்ங்ங்' என்று ஒரே சத்தம், சுருதிப் பெட்டி மாதிரி. இப்போதும் அதே ராக்கம்மாதான் வருகிறாள், ஆனால் கை தட்டுவதில்லை. அந்தப் பாட்டுக்கு நடுவில் இளையராஜா 'குனித்த புருவமும்' வைத்திருக்கிறார் இல்லையா, அப்பர் தில்லையில் பாடியது, நேராக அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறது. சின்ன வயதில் கோயிலில் சனிக்கிழமை தேவார வகுப்புக்குப் போனவள் நான். பொங்கலுக்காகப் போனேன் என்பது வேறு விஷயம். அதனால் அந்தச் செய்யுள் முடிந்ததும் சினிமாவுக்குத் திரும்பாமல் 'வாய்த்தது நந்தமக்கு' என்று பதிகத்தின் அடுத்த பாட்டுக்கு வண்டி போய்விடுகிறது. கை பட்டுப் பிளவுஸுக்குக் கொக்கி வைக்கிறது, உள்ளே நாலாம் திருமுறை நடக்கிறது.

பையனிடம் சொன்னேன். அவன் போனைத் தடவிவிட்டு, இதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது என்றான். 2015இல் இங்கிலாந்து ரீடிங் பல்கலைக்கழகத்தில், சூயிங் கம் மென்றால் இந்த ஒட்டிக்கொண்ட பாட்டு குறைகிறது என்று கண்டுபிடித்தார்களாம். உள்ளே பாடும்போதும் வாயும் தாடையும் சத்தமில்லாமல் ஏதோ செய்துகொண்டிருக்குமாம், மெல்லுகிற வேலை அதைக் கெடுத்துவிடுமாம். இருக்கலாம். ஆனால் என் மாமியாரை அவர்கள் பார்த்ததில்லை. காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் கன்னத்தில் வெற்றிலை, மூக்கு வழியாக முனகல். ஒரு நாளும் ஒன்றை ஒன்று தடுத்ததில்லை.

நேற்று மதியம் கரண்ட் போய்விட்டது. சாயங்காலம் கொடுக்கவேண்டிய துணி. வேறு வழியில்லாமல் மோட்டார் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, அடியில் சுருட்டிவைத்திருந்த பழைய தோல் பெல்ட்டை மாட்டினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு மிதிக்கிறோமே, ராக்கம்மா வருவாள் என்று ஆசையாகக் காலை வைத்தேன்.

வந்தது சலவைத்தூள் விளம்பரப் பாட்டு. தூர்தர்ஷன் காலத்தது. ஆறு மணிக்குக் கரண்ட் வரும்வரை அதேதான்.