இருளாத ஊரில் ஒரு கூடாரம்

"காசு குடுத்துக் கூடாரம் வாங்கினனியோ? ஏன் தம்பி, அங்கையும் இடம்பெயர்வோ?"

அம்மா பகிடிக்குக் கேட்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்தது. போனை வைத்தபிறகு அதுவும் நின்றுவிட்டது.

மீன் பக்டரியில் பக்கத்தில் நின்று வேலை செய்கிற நோர்வேக்காரி கூப்பிட்டதால் வெளிக்கிட்டோம். நோர்வேயின் வடகிழக்கு மூலையில் இருக்கிற வார்டோவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் போனால் தெரு முடிகிற இடம் ஹம்னிங்பேர்க். சனம் விட்டுப்போன மீன்பிடி ஊர். கோடைக்கு மட்டும் வந்துபோகிறார்கள். அங்கால் பாரன்ட்ஸ் கடல். வீட்டுக்கு 150 மீற்றர் தள்ளி, காணிக்காரனைக் கேட்காமலே கூடாரம் அடிக்கலாம் என்பது இங்கே சட்டம். ஒரு முழ வேலிக்கு மூன்று தலைமுறை வழக்காடும் ஊரில் பிறந்தவனுக்கு இது இன்னும் செமிக்கவில்லை.

கரையில் மரமே இல்லை. ஆனால் விறகு குவிந்து கிடக்கிறது: சைபீரிய ஆறுகள் அடித்துவந்து கடல் ஒதுக்கிய கட்டைகள், உப்பில் வெளிறி எலும்பு மாதிரி. அதில் நெருப்பு மூட்டி, எங்கட தூள் போட்டு கோட் மீன் குழம்பு வைத்தேன். அவள் தும்மித் தும்மி இரண்டாம் தரமும் வாங்கினாள்.

காற்றுக்குக் கூடாரம் பறக்கப் பார்த்தது. மூலைகளில் கல் ஏற்றினேன், கயிற்றை இழுத்து முடிந்தேன், மழைத்தண்ணி வழிந்தோடச் சுற்றிவர வாய்க்கால் கிண்டினேன். "முந்தியும் காம்பிங் போயிருக்கிறியா?" என்றாள்.

"ஒருக்கா. 1995இல்."

யாழ்ப்பாணத்தில் சண்டைக்கு இடம்பெயர்ந்து போன கொடிகாமத்தில், இரண்டு தென்னைக்கு நடுவே நீலத் தறப்பாள். மாரி மழை. ஜாம் போத்தல் விளக்கையும் எண்ணெய் மிச்சம் பிடிக்க அம்மா நேரத்தோடு ஊதி அணைத்துவிடுவார். பிறகு கையை முகத்துக்கு நேரே பிடித்தாலும் தெரியாத இருட்டு. எனக்கு அது பயம்; விடியட்டும் விடியட்டும் என்று கிடப்பேன்.

இந்த நாடு எனக்குப் பழகிவிட்டது என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன். குளிர் பழகிவிட்டது, ஜூலையில் பத்துப் பாகையில் ஜக்கெட் போடாமல் நிற்கிறேன். இந்த வெயில்தான். மே நடுப்பகுதி தொடங்கி ஜூலை கடைசிவரை சூரியன் கடலுக்குள் இறங்குகிற மாதிரிப் பாசாங்கு காட்டிவிட்டுத் திரும்பவும் ஏறுகிறது. வீட்டில் தடித்த திரைச்சீலை இருக்கிறது. கூடாரத்துக்குள் ஏது? சாரத்தால் முகத்தை மூடிப் பார்த்தேன். சாரத்தின் கட்டம் கட்டமாக வெயில் வந்தது. அவள் பக்கத்துக் கூடாரத்தில் குறட்டை.

ஒன்றரை மணிக்கு எழும்பிப் பாறையில் ஏறினேன். போனில் ஒரு கோடு. ஊரில் ஐந்து மணி, அம்மா முற்றம் கூட்டுகிற நேரம்.

"என்ன தம்பி, விடிஞ்சிட்டுதோ அங்க?"

"இன்னும் இருளேல்லை அம்மா."