கறுவலின் கோப்பை

மார்ச் 3, 2025, திங்கள்

எங்கள் பூனை கறுவல் இன்று பின்னேரம் வீட்டுக்கு வந்துவிட்டான். இரண்டு இரவு மிருக வைத்தியரிடம் இருந்தவன். சனிக்கிழமை விடியவே மண் தட்டில் ஏறுவதும் குந்துவதும் இறங்குவதுமாக இருந்தான். மலச்சிக்கல் என்றுதான் நினைத்தேன். அடித்தொண்டையில் இருந்து ஒரு சத்தம் போட்டான் பாருங்கள், அதற்குப் பிறகுதான் ஓட்டோ பிடித்து ஓடினேன். சலம் (சிறுநீர்) அடைத்திருந்தது. குழாய் விட்டு எடுத்தார்கள். ஆண் பூனைக்குச் சலம் போகும் வழி மிக ஒடுக்கம். முழுதாக அடைத்தால் ஒன்றிரண்டு நாளிலேயே உயிர் போய்விடலாம் என்றார் டொக்டர்.

“என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள்?” என்று கேட்டார். நாள் முழுக்கக் கோப்பை நிறையக் கடையில் விற்கிற பூனைப் பிஸ்கட், மத்தியானம் சோறும் மீனும், இரவில் கொஞ்சம் சொதிச் சோறு என்றேன். “சொதியில் வெங்காயம் போடுவீர்கள்தானே?” என்றார். வெங்காயமும் உள்ளியும் பூனையின் சிவப்பு இரத்த அணுக்களை உடைக்கும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. நான்கு வருஷமாகச் சொதி குடித்திருக்கிறான். இன்று இரவு முழுக்க அதுதான் மனதில் ஓடுகிறது.

மார்ச் 4, செவ்வாய்

கல் இல்லை, பசை போன்ற அடைப்புத்தானாம். விசேஷ உணவு இப்போதைக்கு வேண்டாம், ஆனால் தண்ணீர் உள்ளே போக வேண்டும் என்றார் டொக்டர். பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. தாகம் பெரிதாக எடுக்காது. தின்கிற இரையில் இருந்தே தண்ணீரை எடுத்துக்கொள்ளும் உடம்பு. பிஸ்கட்டில் தண்ணீர் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவுதான். பையிலும் ரின்னிலும் வருகிற ஈர உணவில் எண்பது பங்கு வரை இருக்கும். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன், அவன் குடித்துக்கொள்வான் என்று இருந்துவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

அம்மாவோடு வாக்குவாதம். “ஊரில் எங்கட பூனைகள் சோறும் கருவாடும் திண்டுதான் பதினைஞ்சு வருஷம் இருந்ததுகள், பிள்ளை” என்கிறா. அது பொய்யில்லை. படுத்தபிறகுதான் பதில் வந்தது. ஊர்ப் பூனை சோறு மட்டுமா தின்றது? இரவில் எலி, அணில், பல்லி, குருவி. தலை, ஈரல், இதயம் எல்லாம் சேர்த்து. குறைகிற சத்தைத் தானே தேடி எடுத்துக்கொண்டது. கொழும்பு வெள்ளவத்தையில் நாலாம் மாடியில், வலை அடித்த யன்னலுக்குள் இருக்கிறவனுக்கு அந்த எலியை யார் கொடுப்பது? கோப்பையில் நாங்கள் போடுவதுதான் அவனுக்கு முழு உலகமும்.

டோரின் என்று ஒரு சத்து. பூனையின் உடம்பால் அதைத் தேவையான அளவு செய்துகொள்ள முடியாது. இறைச்சி, மீனில் இருந்துதான் வரவேண்டும். அது குறைந்தால் கண் கெடும் என்று 1975இலும், இதயம் வீங்கித் தளரும் என்று 1987இலும் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அவித்தால் அது தண்ணீரில் இறங்கிவிடும். நான் மீனை அவித்து, தண்ணீரை ஊற்றிவிட்டுச் சதையை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இதைக் காலையில் அம்மாவுக்குச் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. கறுவலின் முதுகைத் தடவினா.

மார்ச் 9, ஞாயிறு

காலி வீதி சுப்பர்மார்க்கெட்டில் முக்கால் மணி நேரம் நின்று பைகளின் பின்பக்கத்தை வாசித்தேன். முன்பக்கத்துப் படங்களை நம்பி வாங்கியது போதும். ஒரு பிஸ்கட் பக்கற்றில் புரதம் 30%, ஒரு சிறு பையில் 9%. பிஸ்கட்தான் நல்லது என்று யாரும் நினைப்பார்கள். தண்ணீரைக் கழித்துப் பார்க்க வேண்டும். பிஸ்கட்டில் தண்ணீர் 10 போனால் மீதி 90இல் 30, மூன்றில் ஒரு பங்கு. பையில் தண்ணீர் 82 போனால் மீதி 18இல் 9, சரிபாதி! ஃபோனில் இரண்டு தரம் கணக்குப் போட்டேன்.

இன்னொன்று: சில பைகளில் சின்ன எழுத்தில் ‘துணை உணவு’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். அது இடைக்கிடை கொடுக்க மட்டும். வளர்ந்த பூனைக்கு ‘முழுமையான உணவு’ என்று போட்டதாகப் பார்த்து ஏழு எடுத்தேன். விலை கொஞ்சம் கூடத்தான். பரவாயில்லை.

மார்ச் 13, வியாழன், போயா

ஒரேயடியாக மாற்றக்கூடாது, ஏழெட்டு நாளாவது எடுக்க வேண்டும். முதல் நாள் பழைய சாப்பாட்டில் கால் பங்கு புதியது. மணந்துவிட்டுப் போய்விட்டான். பட்டினி போட்டால் வழிக்கு வருவான் என்று விடவும் முடியாது: குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டாலே ஈரலில் கொழுப்பு படியும். கறுவல் 6.1 கிலோ.

இன்று போயா, பௌர்ணமி விடுமுறை, இறைச்சிக் கடை பூட்டு. கோழி இதயம் நாலு வாங்கி ஆசை காட்டலாம் என்றிருந்த திட்டமும் போச்சு. அப்புறம் பையைச் சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் ஐந்து நிமிஷம் வைத்துப் பார்த்தேன். மணம் எழும்பியதும் குசினி வாசலில் காது இரண்டும் நிமிர்ந்தது. நக்கினான். நிறுத்தினான். பிறகு தலையை எடுக்கவே இல்லை.

மார்ச் 22, சனி

முழுக்க ஈர உணவு. ஒவ்வொரு தரமும் இரண்டு கரண்டி தண்ணீர் கலக்கிறேன். பிஸ்கட் கோப்பையைக் கழுவி மேலே வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 5, சனி

5.9 கிலோ. கிழமைக்கு நூற்றில் ஒரு பங்கு குறைந்தால் போதும், அவசரப்படக்கூடாது என்றார் டொக்டர். அந்தக் கணக்கில்தான் போகிறது. காலையில் மண் தட்டில் மூன்று சலக் கட்டி, ஒவ்வொன்றும் தேசிக்காய் அளவு. ஒரு மாதத்துக்கு முன் ஒன்றுகூட ஒழுங்காக இருந்ததில்லை.

மத்தியானம் குசினிக்குள் போனேன். அம்மா வெங்காயம் வெட்டுவதற்கு முன்பே ஒரு துண்டு மீனைத் தனியாக அவித்து, முள் எடுத்து, அவித்த தண்ணீரோடு சின்னக் கோப்பையில் ஆறவைத்திருந்தா. உப்புப் போடவில்லை.

“இது ஆசைக்குத்தான், வயித்துக்கில்லை” என்றா, கறுவலைப் பார்த்து.