சுவர் போன தடம் கிடைத்துவிட்டது

நேற்று மதியம் தேநீருக்குக் கூப்பிடுவதற்குச் சற்று முன்னால் விளிம்பு தெரிந்துவிட்டது. ஒன்பது நாளாக நான் தேடியது சுவரை அல்ல, சுவர் இருந்த இடத்தை. இந்த ஆண்டும் அகழாய்வு இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம்தான், அதே வில்லா, அதாவது ரோமானியர் காலத்துப் பண்ணை மாளிகை. சென்ற கோடையில் குளியலறைப் பக்கம் இருந்தேன். இந்த முறை எனக்குக் கிடைத்தது கிழக்குத் தாழ்வாரம். அங்கே கல் என்று சொல்ல ஒன்றுமே மிச்சமில்லை.

ரோமானியர் போன பிறகு ஊர்க்காரர்கள் சுவரோடு சுவராகத் தோண்டி, நல்ல கற்களை எல்லாம் உருவிக்கொண்டு போய்விட்டார்கள். உதவாததை அதே பள்ளத்தில் தள்ளி மூடிவிட்டார்கள்: உதிர்ந்த சுண்ணாம்புச் சாந்து, கட்டைவிரல் அளவுக் கல், உடைந்த கூரை ஓடு. இங்கே இதை ‘ராபர் ட்ரெஞ்ச்’ என்பார்கள். நான் கல்களவுப் பள்ளம் என்றே எழுதிக்கொள்கிறேன். 1960-இல் தண்ணீர்க் குழாய் பதிக்கும்போது வெளிப்பட்ட ஃபிஷ்போர்ன் ரோமானிய அரண்மனையிலும் பல சுவர்களின் போக்கை இந்த மாதிரிப் பள்ளங்களை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். அதனால் ஒரு கல்கூட வராவிட்டாலும் எனக்கு இது வெறும் குழி இல்லை.

தொல்லை என்னவென்றால், வெயிலில் மண் காய்ந்ததும் பள்ளத்தை மூடிய மண்ணும் தொடாத களிமண்ணும் ஒரே பழுப்பாகிவிடுகின்றன. முதல் வாரம் தெற்கு ஓரத்தில் விளிம்பைத் தாண்டிப் பத்து சென்டிமீட்டர் வெட்டிவிட்டேன். வெட்டியதைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. மேற்பார்வையாளர் கோபப்படவில்லை, வரைபடத்தில் அந்த இடத்தைப் புள்ளிக்கோடாகப் போடச் சொன்னார், அவ்வளவுதான். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அப்புறம் பழகிக்கொண்ட முறை இது. தோட்டத்துக்கு மருந்தடிக்கும் பம்பை வாங்கி, தண்ணீரைப் பனி மாதிரி மெல்லப் படியவிடுகிறேன். தாரையாக அடித்தால் சேறுதான் மிஞ்சும். அடித்துவிட்டு எழுந்து நான்கு அடி தள்ளி நின்று, ஐந்து நிமிடம் சும்மா பார்க்கவேண்டும். இரண்டு மண்ணும் ஒரே வேகத்தில் காய்வதில்லை. எங்கள் குழியில் களிமண் முதலில் வெளுத்தது, பள்ளத்து மண் இன்னும் கொஞ்ச நேரம் கறுத்துக் கிடந்தது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் கொத்தனார் கரண்டி முனையால் கோடு கீறிவிடவேண்டும். தவறவிட்டால் மறுபடி தண்ணீர், மறுபடி ஐந்து நிமிடம். காலை ஏழரைக்கு வெளிச்சம் சாய்வாக விழும்போது இன்னும் நன்றாகத் தெரியும்.

கண்ணைவிடக் காது சீக்கிரம் கற்றுக்கொண்டது. களிமண்ணில் கரண்டி இழுத்தால் சத்தமே வராது, வெண்ணெய் வழிப்பது போல வழுக்கிக்கொண்டு வரும். பள்ளத்து மண்ணில் சாந்துத் துணுக்குகள் கரகரக்கும். நேற்று கண்ணை மூடிக்கொண்டு குறுக்காக இழுத்தேன். கரகர, கரகர, அப்புறம் மௌனம். கண்ணைத் திறந்தால் விளிம்பு. அங்கிருந்து வடக்கே மூன்று மீட்டர் நூல் பிடித்த மாதிரி ஓடுகிறது.

கரண்டி பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். இங்கே எல்லார் கையிலும் இருப்பது டபிள்யூ.எச்.எஸ். என்ற தயாரிப்பின் நான்கங்குலக் கரண்டி, ஒரே இரும்பில் அடித்துச் செய்தது. நான் முதலில் மலிவாக வாங்கிய வேறொன்று, இரண்டாம் நாளே பற்றவைத்த இடத்தில் முறிந்தது. விற்றவரிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை. கரண்டியில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

இத்தனை பாடு எதற்கு என்றால், பள்ளத்தின் அடியில் ரோமானியர் போட்ட அடித்தளம் கொஞ்சம் தப்பியிருக்கலாம். செட்வொர்த் என்ற இன்னொரு ரோமானிய வில்லாவில் ஒரு சுவரின் அடித்தள மண்ணில் கிடைத்த கரியையும் எலும்பையும் வைத்துத்தான் அந்தச் சுவர் கி.பி. 424-க்குப் பிறகு எழுந்தது என்றும், அந்த அறையின் மொசைக் (சிறு வண்ணக்கல் பதித்த தரை) ஐந்தாம் நூற்றாண்டுடையது என்றும் நிறுவினார்கள். பிரிட்டனில் ரோமானிய ஆட்சி முடிந்த பிறகும் ஒருவர் மொசைக் போட்டிருக்கிறார்! மேல்மண்ணும் அடித்தள மண்ணும் என் கையில் கலந்துவிட்டால் அப்படி ஒரு கரித்துண்டு கிடைத்தும் பயனில்லை.

பொருள் என்று பார்த்தால் குறைவுதான். வெந்நீரறைச் சுவருக்குள் சூடான காற்று ஏறும் பெட்டி ஓட்டின் உடைசல் ஒன்று: பூச்சு பிடிக்கச் சீப்பால் இழுத்த கோடுகள், ஓரத்தில் மட்டும் சீப்பு வழுக்கி வளைந்திருக்கிறது. இளஞ்சிவப்புச் சாந்துக்கட்டி ஒன்று, ஓட்டுத்தூள் கலந்தது, நம்மூர் சுர்க்கியேதான். நகமளவு சாமியன் ஓடும் உண்டு, ரோமானியரின் சிவப்பு மண்பாண்டத்தின் உடைசல் அது. அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் வீலர் எடுத்த அரெட்டைன் (இத்தாலியச் சிவப்புப் பாண்டம்) ஓடுகளுக்கு இது காலத்தால் பிந்திய உறவு, அதே பளபளச் சிவப்பு. கழுவும்போது கை நடுங்கியது.

அடுத்த ஆண்டு மண்ணைத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் கருகிய தானியம் பிரிக்கும் வேலையைக் கேட்டிருக்கிறேன், நுண்சல்லடைகூடப் பார்த்து வைத்தாயிற்று. சரி, அதற்கு முன் இந்த வெட்டுமுகத்தை 1:10-இல் வரையவேண்டும், இன்னும் ஒரு கோடுகூடப் போடவில்லை. நாளை மழை என்கிறார்கள். ராத்திரியே பிளாஸ்டிக் விரித்து ஓரத்தில் மண்மூட்டை வைத்துவிட்டு வந்தேன்.